மலையிறங்கி வந்த நாவல்

1969இல் சென்னை மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் ஓர் ஆங்கில நாவலை வெளியிட்டது. 'ரெட் டீ' என்பது பெயர். எழுதிய பி.எச். டேனியல் தொழில்முறை எழுத்தாளர் அல்ல. 1940களில் ஆனைமலைக்குப் போய் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் மருத்துவராக இருந்தவர். தோட்ட ஊழியர்களுக்குச் சங்கம் கட்டுவதிலும் முன்னின்றவர்.

அவர் எழுதிய காலம் அவர் பார்த்த காலமல்ல. கதை நடப்பது 1920களில். அவர் மலையேறுவதற்கு முன்பே மலையேறி, மலேரியாவுக்கும் கருநீர்க் காய்ச்சலுக்கும் அட்டைக்கும் மழைக்கும் தப்பிக் கிழடு தட்டியவர்கள் இன்னும் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் இருந்தார்கள். அவர்களிடம் கேட்ட கதைகளைத்தான் கருப்பன், வள்ளி என்ற தம்பதியின் கதையாக டேனியல் கோத்தார். காய்ச்சல்காரரின் நாடியைப் பிடித்தபடி ஊர் எது, கூட வந்தவர்கள் எத்தனை பேர், மிச்சம் இருப்பவர்கள் யார் என்று விசாரிக்க ஒரு மருத்துவருக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம் வேறு யாருக்கும் கிடைக்காது. துரையிடம் சொல்லாததையும், மேஸ்திரி பக்கத்தில் நின்றால் வாய்விடாததையும் ஆஸ்பத்திரித் திண்ணையில் சொல்லிவிடுவார்கள்.

கருப்பன் திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை கிராமத்துத் தலித் கூலி. மழையில்லை, வேலையில்லை, சோறில்லை. அந்த நேரம் பார்த்துச் சங்கரபாண்டி மேஸ்திரி வருகிறான். மலையில் ஆண்டு முழுக்க வேலை, தங்க வீடு, ஒரே வருடத்தில் கைநிறையப் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்கிறான். நம்பிக்கை பிறப்பதற்கு முன்பணமும் கொடுக்கிறான். கருப்பனும் வள்ளியும் புறப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் நாவல் கதை சொல்வதோடு ஓர் எந்திரத்தையும் பிரித்துக் காட்டுகிறது. எனக்கு அதன் பெருமை முழுவதும் இங்கேதான். சாட்டையை எவரும் எழுதிவிடலாம். கணக்குப் புத்தகத்தை எழுதுவது கடினம். மலைக்கு வந்து சேர்ந்த செலவு கணக்கில் ஏறுகிறது. குளிருக்குக் கொடுத்த கம்பளி ஏறுகிறது. அரிசி ஏறுகிறது. காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை, ஆனால் அன்றைக்குத் தின்ற சோறு கணக்கில் உண்டு. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குப் போகும் பங்கு தனி. வருடக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நாளில், எழுதப்படிக்கத் தெரியாத கருப்பனுக்கு வாசித்துக் காட்டப்படுவது வரவு அல்ல, பாக்கி. பாக்கியை அடைக்க இன்னொரு வருடம். அந்த வருடத்துக்கும் கம்பளி வேண்டும், அரிசி வேண்டும், காய்ச்சலும் வரும். யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. சங்கிலி எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த மனிதன் மலையிறங்க முடியாது.

இதற்குப் பின்னால் சட்டமே நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை உடைமையை இந்தியாவின் நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. இரண்டுக்கும் நடுவே 1859இல் இன்னொரு சட்டம் பிறந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். வேலைக்குத் திரும்பும்படி உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம்வரை சிறை. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் கைவினைஞர்களையும் கூலிகளையும் மனதில் வைத்து வந்த சட்டம், தோட்டங்கள் வரைக்கும் நீண்டது. அதை ரத்து செய்யும் சட்டம் வந்தது 1925இல். முன்வாசலில் அடிமைத்தனத்தைத் துரத்திய அரசு, கடன் என்ற பின்வாசலைத் திறந்தே வைத்திருந்தது. கருப்பனும் வள்ளியும் அந்தப் பின்வாசல் வழியாக உள்ளே போனவர்கள்.

அடிமைத்தனத்தை எதிர்த்த நாவல் என்றதும் உலகம் முதலில் நினைப்பது ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்க வடமாநிலத்தாரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் 1850இல் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் வாஷிங்டனின் 'நேஷனல் இரா' பத்திரிகையில் ஸ்டோவின் கதை தொடராக வரத் தொடங்கியது. 1852 மார்ச்சில் நூலானது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றன. பிரிட்டனில் அதைவிடப் பல மடங்கு. தெற்கிலிருந்து எதிர்ப்பு நாவல்கள் வரிசைகட்டின. எல்லாம் கற்பனை என்று தூற்றியவர்களுக்குப் பதிலாக, 1853இல் ஸ்டோ தன் கதைக்கு ஆதாரமான வழக்குகளையும் விளம்பரங்களையும் சாட்சியங்களையும் தொகுத்துத் தனி நூலாகவே போட்டார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நாவல் முன்னே போனது, சட்டம் பின்னே வந்தது.

வங்காளத்தில் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்பண்' நாடகமும் அப்படித்தான். முன்பணம் கொடுத்து அவுரி பயிரிடச் சொல்லி விவசாயிகளைக் கசக்கிய வெள்ளைத் தோட்டக்காரர்களைப் பற்றிய நாடகம், 1860இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா அங்கேயே கட்டினார். ஒரு நாடகத்துக்காக ஒருவர் சிறைக்குப் போனதும் ஊரே அந்தப் பக்கம் திரும்பியது.

இந்த இரண்டோடு 'ரெட் டீ'யை வைத்துப் பார்த்தால் அது தாமதமாக வந்த பிள்ளை. அது வெளியானபோது வெள்ளைக்காரர் ஆட்சி போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் கட்டாயமாக்கிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. யாரை விடுவிக்க இந்த நாவல்? ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் அதைக் கருப்பனின் பேரப்பிள்ளைகள் படிக்க வழியில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எப்போதோ முடிந்துபோன காலத்தின் கதை.

தோட்டத்துத் துயரம் தமிழுக்குப் புதிதில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினார். 1879க்கும் 1916க்கும் இடையில் 60,000க்கும் மேற்பட்டவர்களை இந்தியாவிலிருந்து பிஜிக்குக் கப்பலேற்றினார்கள். பாட்டும் பத்திரிகையும், திரும்பி வந்த தோதாராம் சனாட்யா போன்றோரின் வாக்குமூலமும், சி.எஃப். ஆண்ட்ரூஸின் அறிக்கையும் சேர்ந்து கிளப்பிய கொதிப்பில்தான் அந்த ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. 1920 ஜனவரி 1இல் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. 1935இல் புதுமைப்பித்தன் மணிக்கொடியில் 'துன்பக்கேணி' எழுதினார். இலங்கைத் தேயிலைக் காட்டுக்குப் போன மருதி, தமிழ்ச் சிறுகதையில் மறக்க முடியாத பெண்களில் ஒருத்தி. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தி பாலையா பிறகு தமிழாக்கினார். டி. செல்வராஜின் 'தேநீர்' நாவலும் உண்டு.

இந்த வரிசையை எழுதிப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. பிஜி, இலங்கை, ஆனைமலை. எல்லாம் கடலுக்கு அப்பால், அல்லது மலைக்கு மேல். முதலாளி எல்லா இடத்திலும் வெள்ளைக்காரன். நம் சமவெளியில் அடிமைத்தனம் இல்லையா?

இருந்தது. நான் வசிக்கும் நாவலூர், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நெல்வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த கிராமங்களில் ஒன்று. இப்போதும் செங்கல்பட்டு மாவட்டம்தான். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்துத் தந்தார்கள். ராஜீவ் காந்தி சாலையும் சிறுசேரி மென்பொருள் பூங்காவும் அடுக்குமாடிகளும் வருவதற்கு நூறாண்டுக்கு முன், இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர் டிரெமன்ஹீர். 1891இல் அவர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றியது. மிராசுதாரிடம் கடன்பட்டுத் தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்திலேயே கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றி அதில் விரிவாக எழுதினார். குடியிருக்கும் மண்ணும் அவர்களுடையதல்ல. எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்தே வெளியேற வேண்டும் என்ற நிலை. நிலம் கிடைத்தால்தான் இந்தக் கட்டு அறுபடும் என்பது அவர் கண்ட வழி. செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் அதற்காகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழக்காடிக்கொண்டிருப்பதன் தொடக்கம் இது.

ஆக, எங்கள் ஊரைப் பற்றிய ஆதாரம் நாவல் வருவதற்கு முன்பே தயாராக இருந்தது. ஸ்டோவுக்கு முதலில் நாவல், பிறகு ஆதாரத் தொகுப்பு. இங்கே ஆதாரத் தொகுப்பு அரசு அலமாரியில் இருந்தது, நாவல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கும்போது வாசகர் யார் என்ற கேள்வியில் வந்து நிற்கிறேன். பாஸ்டனிலோ லண்டனிலோ அந்த நாவலைப் படித்து அழுதவர் வீட்டில் அடிமை கிடையாது. அவர் வெளியே நின்று அழலாம், கோபப்படலாம், கையெழுத்துப் போடலாம். 1891இல் தமிழில் நாவல் படித்தவர் யார்? பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர், அல்லது நிலம் வைத்திருந்தவரின் மகன். அவருடைய வயலில்தான் படியாள் நின்றான். வெளியே நிற்க அவருக்கு இடம் இல்லை. பிஜிக்காகக் கண்ணீர் விட முடிந்தவர், தன் கொல்லைக்குப் பின்னால் இருந்த சேரிக்காக விடவில்லை. பாரதியோ புதுமைப்பித்தனோ மனதைத் தொடாமல் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வாசகருக்கு அந்தத் தூரம் ஒரு சலுகையாக அமைந்தது என்கிறேன்.

தூரத்தைக் குறைத்து எழுத ஆள் வரப் பல காலம் ஆனது. 'ரெட் டீ' வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டவர்களின் குடும்பங்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அங்கிருந்து வந்தது. பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் சிறுவனை வைத்துப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' எழுதியது 2000இல். கொங்கு நாட்டின் ஒரு கவுண்டர் பண்ணை. கூளையன் என்ற பையன். அவனுடைய வருடக்கூலியை அப்பன் முன்னாலேயே வாங்கிவிட்டான். வெள்ளைத் துரை யாரும் இல்லை. அந்த நாவலைப் படிக்கிற நிலக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. என் கணக்கில் தமிழின் அடிமை எதிர்ப்பு நாவல்களில் மிக நெருக்கமானது அதுதான்.

டேனியலின் நூல் இதற்கெல்லாம் நடுவே, படிப்பார் அதிகமின்றிக் கிடந்தது. ஆய்வாளர் சிலர் அடிக்குறிப்பில் காட்டினார்கள். வால்பாறைச் சாலையில் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், ஆனைமலைத் தோட்டங்களின் முன்னோடி என்று கார்வர் மார்ஷுக்குச் சிலை நிற்கிறது. ஒரு கை தூரத்தைச் சுட்டிக்காட்டும் சிலை. காட்டை வெட்டிய கைகளுக்கு, முதல் மழையிலேயே செத்துப் புதைந்தவர்களுக்கு, நினைவுக்கல் என்று ஒன்று இருந்தால் அது இந்த நாவல்தான். ஆனால் அந்தக் கல்லில் பொறித்திருந்ததை அவர்களுடைய பிள்ளைகளால் படிக்க முடியவில்லை.

2007இல் அது மாறியது. கோவை வழக்கறிஞர் இரா. முருகவேள் நாவலைத் தமிழாக்கினார். விடியல் பதிப்பகம் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் வெளியிட்டது. ஜான் பெர்க்கின்ஸின் பொருளாதார அடியாள் வாக்குமூலத்தைத் தமிழுக்குத் தந்தவரும் இவரே. பின்னாளில் 'மிளிர் கல்', 'முகிலினி' நாவல்களை எழுதினார். மொழிபெயர்ப்பு என்ற சொல்லே இதற்குப் பொருந்துமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கருப்பனும் வள்ளியும் தமிழில் வாழ்ந்து தமிழில் செத்தவர்கள். லயத்தில் அவர்கள் பேசியதை டேனியல் ஆங்கிலத்தில் இறக்கி வைத்தார். முப்பத்தெட்டு வருடம் கழித்து முருகவேள் அதை எடுத்துச் சொந்தக்காரர்களிடம் சேர்த்தார்.

அது வந்து சேர்ந்த நேரமும் முக்கியம். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியடி நடத்தித் துரத்த, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அந்த நினைவு ஆறாத காலத்தில், அதே நெல்லைச் சீமையிலிருந்து எண்பது வருடத்துக்கு முன் மலையேறிய ஒரு குடும்பத்தின் கதை தமிழில் கிடைத்தது. நூல் மறுபதிப்புகள் கண்டது. தொழிற்சங்கக் கூட்டத்திலும் கல்லூரி வாசிப்பு வட்டத்திலும் கைமாறியது. 'டீ குடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வருது' என்று வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாவல் ஒன்று பொது அபிப்பிராயத்தை மாற்றும் விதம் பெரும்பாலும் இவ்வளவுதான்; தினசரி செய்யும் ஒரு காரியத்துக்குள் ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

அடுத்த பயணம் திரைக்கு. 2013 மார்ச்சில் பாலாவின் 'பரதேசி' வெளியானது. நாவலைத் தழுவிய படம். அதர்வா, வேதிகா, தன்ஷிகா நடித்தார்கள். உடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. புத்தகத்தைத் தொடாத லட்சக்கணக்கானோர் இந்தப் படத்தின் வழியாகத்தான் தேயிலைத் தோட்டத்துக்குள் போனார்கள். மயிலோடை இதில் சாலூர் ஆகிறது. ஊரே நாள்கணக்கில் மலையை நோக்கி நடக்கிறது. வழியில் விழுந்தவனை விட்டுவிட்டு நடக்கிறது. மேஸ்திரியின் இடத்தில் வரும் கங்காணி கணக்கு வாசிக்கும் காட்சியில் திரையரங்கு அமைதியாகிவிடும். விடுதலைக்கு இன்னும் சில நாள் என்று காத்திருந்தவனிடம், செத்துப்போனவளின் கடனையும் நீதான் அடைக்க வேண்டும் என்பார்கள். எந்திரத்தின் பல்சக்கரம் திரையில் அப்படியே தெரிந்த இடம் அது.

படம் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம், தொழிலாளியை மனிதனாகப் பார்த்து நோயோடும் துரையோடும் மோதுபவர். டேனியலின் சாயல் அவரிடம் உண்டு. படத்தில் வரும் மருத்துவரோ மதம் மாற்ற வந்தவராக, பாட்டுப் பாடி ரொட்டி தருபவராக ஆகிவிட்டார். அப்போதே இதைப் பலர் கண்டித்தார்கள். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. கதையைக் காப்பாற்றி எழுதி வைத்தவரே ஒரு தோட்ட மருத்துவர். அவரை எடுத்துவிட்டால், உள்ளிருந்து சிலர் எதிர்த்ததும், சங்கம் பிறந்ததும், சட்டம் மாறியதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். துயரம் மட்டும் மிஞ்சும். துயரத்தை மட்டும் பார்த்த ரசிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். செய்வதற்கு ஏதும் இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

மேலும், படத்திலும் முதலாளி வெள்ளைக்காரன்தான். தூரம் அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறை மீட்டது. இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். சில ஆயிரம் ரூபாய் கடனுக்காக வருடக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் நாளிதழ்களில் வந்தது. நரைத்த தலை, மேல்துண்டு இல்லாத முதுகு, மண்ணில் குவிந்த இரண்டு கைகள். படத்தின் தேதியை மறைத்துவிட்டுக் காட்டினால் டிரெமன்ஹீர் காலம் என்று நம்பிவிடலாம்.

அரிசி ஆலை, கல்குவாரி, செங்கல் சூளை என்று வடதமிழகத்தில் இந்தக் கட்டு இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள் தெரிந்தவைதாம். சூளை வேலை பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகு தொடங்கி வெயில் காலம் முடிய நடக்கும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களும், ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துக் குடும்பங்களும் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து சேர்கின்றன. ஆள் கூட்டி வருபவர் இங்கும் மேஸ்திரிதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி; அதில் வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் தருவார்கள்; மிச்சம் முன்பணத்தில் கழியும். மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் நஷ்டம் அறுத்தவருக்கு. எல்லாச் சூளையும் கொத்தடிமைக் கூடம் அல்ல. நியாயமாகக் கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் கழியாத கணக்கு எங்கே இருக்கிறதோ, ஊருக்குப் போகக் கேட்டால் 'பணத்தை வச்சிட்டுப் போ' என்ற பதில் எங்கே வருகிறதோ, அங்கே கருப்பன் நிற்கிறான்.

இந்த இடத்தில் வாசகர் தூர நிற்க முடியாது. நாவலூரிலும் தாழம்பூரிலும் படூரிலும் எழும் சுவர்களுக்குக் கல் எங்கோ அறுபடத்தான் வேண்டும். சாலையோரத் தகரக் கொட்டகை வரிசைகளில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் குடும்பங்கள் தங்கிக் கட்டிக்கொடுக்கும் வீட்டில்தான் நாம் உட்கார்ந்து 'எரியும் பனிக்காடு' படிக்கிறோம். 1891இன் மிராசுதார் வாசகரைப் பற்றி மேலே எழுதினேன். அவருடைய நாற்காலி காலியாகவில்லை. அதில் இப்போது மாதத் தவணை கட்டுபவர்கள் உட்கார்ந்திருக்கிறோம். பிஜிக்கும் ஆனைமலைக்கும் இரங்குவது நமக்குக் கைவந்த கலை. அந்த நாவலின் பயணத்தில் எஞ்சியிருப்பது சூளை வரைக்குமான இந்தக் குறுகிய தூரம்தான், அதைத்தான் கடக்கக் கடினமாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் பொது நூலக அலமாரியில் முருகவேளின் பிரதி ஒன்றை வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டுமானத்தில் மேற்பார்வை பார்க்கும் இளைஞர் ஒருவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், அதை வாங்கிப் போனார். திரும்பத் தரும்போது கதையைப் பற்றிப் பேசவில்லை. "சார், இதுல வருஷக் கணக்குத் தீர்க்கிற இடம் இருக்குல்ல? எங்க சித்தப்பா சூளையில இருந்து வந்தப்ப இதே கணக்குதான். அப்போ அவரு சோம்பேறின்னு வீட்டுல எல்லாரும் திட்டினோம்" என்றார். பிறகு கேட்டார், "இதுக்கெல்லாம் போலீஸ்லயா சொல்லணும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போலீஸிலும் சொல்லலாம்; ஆனால் முதல் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும். கட்டுண்டவரே வந்து புகார் தர வேண்டும் என்பதில்லை, யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. கட்டாய வேலை என்று தெரிந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் வேலை என்று 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார். 2016இல் திருத்திய மத்திய அரசுத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலைகளில் 3 லட்சம்.

"வாங்குன பணம்?" என்று கேட்டார். அதுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வாங்கியது உண்மைதானே, வாங்கியதைத் தராமல் வருவது தப்பில்லையா என்பது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அதற்கும் பதில் இருக்கிறது. கட்டுண்ட உழைப்புக்குக் காரணமான கடன் அத்தோடு ஒழிந்தது. தொழிலாளி அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஒழிந்த கடனுக்காகக் கைநீட்டிப் பணம் வாங்கினால், வாங்கியவருக்கு மூன்று வருடம்வரை சிறை. 1859இன் சட்டத்தில் சிறை யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்து அவரிடம் சொன்னேன். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கைப்பேசியில் தட்டிக்கொண்டவர், சித்தப்பாவுடன் அந்தச் சூளைக்குப் போன மற்ற இரண்டு குடும்பங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றார். சூளை எந்தத் தாலுகாவில் வருகிறது என்று கேட்டேன். செங்கல்பட்டு மாவட்டம்தான் என்றார்.